எண்ணெய் குளித்த சங்கிலி

பிரிக்பீல்ட்ஸில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டு என் வீட்டுக்காரர் மோட்டார் பழுது பார்த்தார். ஜப்பான்காரன் வருவதற்கு முந்தின காலம். எனக்கு எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். ஆனால் இஞ்சினைத் தூக்கும்போது கப்பிச் சங்கிலியைப் பிடிக்க என்னைத்தான் கூப்பிடுவார். இந்தப் பக்கம் இழுத்தால் ஏறும், அந்தப் பக்கம் இழுத்தால் இறங்கும், கையை விட்டால் அப்படியே நிற்கும்.

அன்று ஆயுத பூசைக்கு மறுநாள். கிள்ளான் தோட்டத்துத் துரையின் கார் இஞ்சின், பூசைக்கு முன்னமே தூக்கிவைத்தது, உத்திரத்துக் கப்பியில் தொங்கியது. கிளட்ச் இருந்தால் இஞ்சினின் பின்பக்கம் இரும்பு ஸ்டாண்டில் உட்காராது. அதனால் என் வீட்டுக்காரர் அதன் போல்ட்டுகளை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தினார். உள்ளே சுருள்வில்கள் அழுந்திக் கிடக்கும். அவசரப்பட்டால் முகத்தில் அடிக்கும். கிளட்ச் நல்லபடியாகக் கைக்கு வந்தது.

துரையின் டிரைவர் பெட்டிமேல் உட்கார்ந்து வெற்றிலை மென்றார்.

"என்னண்ணே, இங்க ஆம்பளைங்களுக்குப் பஞ்சமா? அக்காவ சங்கிலி இழுக்க விட்டுட்டீங்க!"

"நீங்க வந்து புடிங்களேன். வெள்ளைச் சட்டை அழுக்காயிருமோ?" என்றேன்.

"பேச்சக் குறை. மெதுவா இறக்கு, புள்ள," என்றார் என் வீட்டுக்காரர்.

இறக்கினேன். இஞ்சினுக்கும் ஸ்டாண்டின் அடிச்சட்டத்துக்கும் நடுவே வலது கையை விட்டு, போல்ட்டுக்குத் துளை தேடினார். "நிறுத்து," என்றார். நிறுத்தினேன். இஞ்சின் நிற்கவில்லை. சங்கிலி கண்ணி கண்ணியாகத் தானே வழுக்கியது.

"நிறுத்துன்னேன்ல!"

"நான் இழுக்கலங்க! அதுவா எறங்குது. கைய எடுங்க!"

"வரல. மாட்டிக்கிச்சு."

ஏற்றும் பக்கம் இழுத்தேன். கையில் பிடிபடாமல் வழுக்கியது. நல்லெண்ணெய் வாசம். முதல் நாள் பூசையில் ஆயுதங்களுக்கெல்லாம் எண்ணெய்க் காப்பிட்ட என் வீட்டுக்காரர், கீழே தொங்கிய சங்கிலியையும் குளிப்பாட்டிவிட்டார். அது கப்பியைக் கவ்விப் பிடிக்க, காய்ந்து கிடக்க வேண்டிய சங்கிலி.

முந்தானையைச் சங்கிலியில் சுற்றி என் கனம் முழுவதையும் போட்டுத் தொங்கினேன். இஞ்சின் நின்றது. ஏறவில்லை. டிரைவர் வாசல்வரை ஓடியிருந்தார்.

"எங்க ஓடுறீங்க? வந்து புடிங்க!" என்று கத்தினேன்.

வந்தார். சட்டையைப் பற்றி நினைக்கவில்லை. இரண்டு பேரும் இழுத்தோம். விரற்கடை அளவு ஏறியதும் கை வெளியே வந்தது.

"மடக்குங்க," என்றேன். ஐந்து விரலும் மடங்கின. முட்டித் தோல் மட்டும் உரிந்திருந்தது.

"சாமி குளிர்ந்துட்டாரு. நமக்குத்தான் வேர்த்துப்போச்சு," என்றார் டிரைவர்.

என் வீட்டுக்காரர் மரக்கட்டைகளை அடியில் தள்ளினார். இஞ்சினை அவற்றின்மேல் இறக்கினோம். சங்கிலியைக் கழற்றி மண்ணெண்ணெயில் அலசி, சாக்குத்துணியால் தேய்த்துத் தேய்த்துத் துடைத்தார்.

மறுபடி தூக்கும்போது டிரைவர் கை நீட்டினார். "இப்ப நான் புடிக்கிறேண்ணே."

"வேணாம். அவளே புடிக்கட்டும்."

அதே சந்தில் அதே கையை விட்டார். சங்கிலி நின்றது. கடைசி போல்ட் இறுகும்வரை நான் அந்தக் கையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.