தொண்டையில் நின்ற பாதி முட்டை

ஆவடியில் நான் வேலை பார்க்கும் பள்ளியில், சாப்பிடும்போது பிள்ளைகளுக்குத் தொண்டை அடைத்துக்கொண்டால் என்ன செய்வது என்று எங்களுக்கு ஒரு பயிற்சி நடந்தது. வந்த நர்ஸம்மா கெட்டிக்காரர். இரும முடிந்தால் இருமவிடுங்கள். மூச்சும் பேச்சும் நின்றுபோனால் முன்னால் குனியவைத்து முதுகில் ஓங்கித் தட்டுங்கள். அதற்கும் வராவிட்டால் பின்னாலிருந்து இடுப்பைச் சுற்றிக் கட்டிக்கொண்டு, தொப்புளுக்கு மேலே முஷ்டியை வைத்து உள்ளும் மேலுமாக இழுங்கள் என்றார். தலையில் தட்டாதீர்கள், தண்ணீர் கொடுக்காதீர்கள் என்பதை அழுத்திச் சொன்னார். "ஜோடி ஜோடியா செஞ்சு பாருங்க" என்றதும் எல்லோரும் தரையைப் பார்த்தோம். தமிழாசிரியர் கண்ணாடியைத் துடைத்தார். கடைசியில் ஆளுக்கொரு முறை ஒரு பிளாஸ்டிக் பொம்மையைக் கட்டிப்பிடித்துவிட்டு, டீ குடித்துக் கலைந்தோம்.

அந்த வாரமே ஒரு மதியம், ஆசிரியர் அறையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். ஒருவர் தலைமையாசிரியை நடப்பதுபோல் நடந்து காட்ட, பாதி முட்டையை வாயில் போட்டிருந்த நான் சிரித்துத் தொலைத்தேன். முட்டை தொண்டையில் நின்றுவிட்டது. இருமல்கூட வரவில்லை.

"யாரோ உங்கள நெனைக்கிறாங்க டீச்சர்" என்று கணக்கு டீச்சர் என் உச்சந்தலையில் தட்டினார். அறிவியல் டீச்சர் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். இரண்டு பேருமே பயிற்சியில் முன்வரிசையில் உட்கார்ந்து குறிப்பெடுத்தவர்கள். புரை ஏறினால் தலைக்குத்தான் கை போகும் என்பது நம் ரத்தத்தில் ஊறியது, ஒரு காலை நேரப் பயிற்சியில் போய்விடுமா? பாட்டிலைத் தள்ளிவிட்டுக் கழுத்தைப் பிடித்துக் காட்டினேன். முகங்கள் மங்கின. சாகப்போகிறேன் என்று தெளிவாகத் தெரிந்தது. பயமாக இருந்தது.

விஷயம் புரிந்தவர் பி.டி. சார் ஒருவர்தான். திருநின்றவூரிலிருந்து ரயிலில் வருகிறவர், அதிகம் பேசமாட்டார். ஓடிவந்து என்னைக் குனியச் சொல்லி முதுகில் தட்டினார். முட்டை அசையவில்லை. பின்னால் வந்து கைகளை விரித்தார். விரித்த கை அப்படியே நின்றது.

"டீச்சர், நான்... புடிக்கட்டுமா?"

மூச்சில்லாதவளிடம் கேள்வி! தலையை ஆட்டினேன். அப்புறமும் அறையில் இருந்தவர்களை ஒரு முறை பார்த்துக்கொண்டுதான் பிடித்தார். இழுத்து இழுத்து விட்டதில் முட்டை மேஜைமேல் வந்து விழுந்தது. மூச்சு வந்தது, கூடவே அழுகையும்.

"மன்னிச்சுக்கோங்க டீச்சர்" என்றார், தள்ளிப் போய் நின்றுகொண்டு.

உயிரைக் காப்பாற்றியவருக்கு நன்றி சொல்லியிருக்க வேண்டும். எனக்கோ கோபம்தான் பொத்துக்கொண்டு வந்தது. "போற உசுரு காத்துகினு இருக்குமா சார்? இன்னாத்த அவ்ளோ யோசிச்சீங்க?"

அவர் மழுப்பவில்லை. "நீங்க பெரியவங்கன்றதாலதான் டீச்சர் இவ்ளோ சீக்கிரமா புடிச்சேன். பத்தாவது படிக்கிற பொண்ணா இருந்தா இன்னும் யோசிச்சிருப்பேன்."

என் மகள் எங்கள் பள்ளியில்தான் பத்தாவது படிக்கிறாள். அது அவருக்கும் தெரியும்.