வராத புழுவுக்குக் காவல்

அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் லாரிக்குக் கல் ஏற்றிக்கொண்டிருந்தபோது எனக்கு மஸ்கட்டில் ஒரு வேலை அமைந்தது. பேக்கரியில் மாவு பிசைய வேண்டும். லெப்பைக்குடிக்காட்டில் ஆள் அனுப்பும் பாய் ஒருவர் ஏற்பாடு செய்தார். எட்டாம் வகுப்போடு நின்று, திருப்பூர், பெல்லாரி, சூரத் என்று அலைந்து திரும்பியவனுக்கு அதைவிட நல்லது கிடைக்கப் போவதில்லை. திருச்சியில் ரத்தப் பரிசோதனை ஒன்றுதான் பாக்கி.

அதில், யானைக்கால் புழுவுக்கான எதிர்ப்புப் பொருள் ரத்தத்தில் இருக்கிறது என்று எழுதிவிட்டார்கள். என் கால்களோ கொக்குக்கால்கள்.

“ரத்தத்தைச் சுத்தம் பண்ணிக்கிட்டு வா தம்பி, இன்னொரு தடவ பாக்கலாம்” என்றார் பாய். நானும் அதை ஏதோ அழுக்கு என்றுதான் நினைத்தேன். பெரம்பலூர் நாட்டு மருந்துக் கடையில் பேதி மருந்து வாங்கிக் குடித்துவிட்டு, பொழுதுக்கும் ஓடைக்கரையில் கிடந்தேன். பிறகு வெறும் கஞ்சி. கண்கள் குழி விழுந்த முகத்தோடு போய் மறுபடி கையை நீட்டினேன். அதே முடிவு.

அங்கிருந்த டாக்டரம்மாவிடம் கத்திவிட்டேன். அவர் கோபப்படவில்லை.

“உங்க ரத்தத்துல புழு இல்லீங்க, அதையும் பாத்துட்டோம். புழுவோட மேல்தோல்ல இருக்கற புரதத்தைக் கண்டுபிடிச்சு ஒட்டிக்கற பொருள் சில பேருக்கு இயல்பாவே இருக்கும். அந்தப் புழு முன்னாடி உள்ள வந்திருக்கணும்னு இல்ல. பேதிக்குச் சாப்பிட்டா அது போயிடாது.”

“நல்லதுதானே? அதை எழுதிக் குடுங்க.”

“எப்பவோ புழு வந்து போயிருந்தாலும் இப்படித்தான் காட்டும். இந்த டெஸ்ட்டுல பிரிச்சுச் சொல்ல முடியாதுங்க.”

லெப்பைக்குடிக்காட்டுக்குப் போய் அத்தனையையும் பாயிடம் ஒப்பித்தேன்.

“புழுவே இல்லன்னா அது எதைத் தம்பி தேடிக்கிட்டுக் கெடக்கு?” என்றார்.

“மஸ்கட்டுக்கு வழி தேடுதோ என்னமோ” என்று அவருடைய மச்சான் சிரித்தார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “காவக்காரன் நிக்கிறதப் பாத்துட்டு, அந்த வூட்ல திருட்டுப் போயிருச்சுன்னு எழுதுவீங்களா பாய்?”

“எனக்குப் புரியுதுப்பா. அங்க சீல் குத்துறவனுக்குல்ல புரியணும்.”

அவருக்கும் கெடு இருந்தது. வேறு ஆளைப் பார்த்தாக வேண்டும். என் பாஸ்போர்ட்டை மேசைமேல் வைத்து, “அடுத்த தடவ பாக்கலாம், இன்ஷா அல்லா” என்றார்.

“அடுத்த தடவயும் இதே ரத்தந்தானே பாய்?”

அவர் எனக்கு ஒரு டீ சொன்னார். அதைக் குடித்துவிட்டு அரியலூருக்குப் பஸ் ஏறினேன். மஸ்கட் வேலைக்குப் பூலாம்பாடிக்காரர் ஒருவர் போனார்.