கதவு எந்தப் பக்கம் திறக்கும்?

‘அனுப்பு’ பொத்தானை அழுத்தும்போது பாப்பா மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிடுவாள். எழுத்து தெளிவாகத் தெரிந்தால் அனுப்பவே கை வராதாம். அழுத்திய பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பிழை தேடுவாள். கிடைத்தும் விடும்.

பாப்பாவுக்கு வயது நாற்பத்தாறு. அப்படி அழைப்பது அவள் அப்பா. கால்கள் ஒத்துழைக்காமல் சக்கர நாற்காலியில் இருக்கும் அவரைக் கவனிக்கத்தான் காலையில் நான் அந்த வீட்டுக்குப் போகிறேன். குளிப்பாட்டி, புண் வராமல் பார்த்து, மதியத்தோடு என் வேலை முடியும். அதன் பிறகு பாப்பாவின் முறை.

அவள் கட்டடங்களுக்கு வரைபடம் போடுகிறவள். வேலை பார்த்த அலுவலகத்தை மூடிவிட்டார்கள். இப்போது சாப்பாட்டு மேசையின் மூலையில் லேப்டாப்; அதில் ஒரு ஏலத் தளம். வேலை வைத்திருப்பவர் அறிவிப்பார். செய்கிறேன் என்று உலகம் முழுவதிலிருந்தும் கடிதங்கள் போய்க் குவியும். ஒருவருக்குத்தான் கிடைக்கும். ஏற்கெனவே செய்து கொடுத்தவர்களின் பெயருக்குப் பக்கத்தில் நட்சத்திரம் இருக்கும். பாப்பாவுக்கு ஒன்றுகூட இல்லை.

“நட்சத்திரம் இருந்தாத்தான் வேலை, வேலை செஞ்சாத்தான் நட்சத்திரம். அப்ப முதல் ஆளுக்கு யாரு சிஸ்டர் குடுத்தாங்க?” என்றாள்.

எனக்கு எப்படித் தெரியும்?

இந்த மாதத்துக்குள் ஒரு வேலையாவது வராவிட்டால், அவளுடைய அண்ணன் பார்த்து வைத்திருக்கும் அலுவலகத்தில் அவள் வேலைக்குச் சேர வேண்டும். காலையில் போனால் இருட்டிய பிறகுதான் வீடு. அப்பாவை முதியோர் இல்லத்தில் சேர்க்க வேண்டியிருக்கும். அத்தகைய இல்லங்களில் வேலை பார்த்திருக்கிறேன். அவை ஒன்றும் நரகமல்ல. ஆனால் அப்பா ஒரே சொல்லில் முடித்துவிட்டார்: “போகமாட்டேன்.”

கூட்டத்தில் தனித்துத் தெரிய வேண்டும் என்று எல்லாரும் அவளுக்குச் சொல்கிறார்கள். “கம்மியா கேளு, அப்பத்தான் திரும்பிப் பார்ப்பான்” என்றான் அண்ணன். “கம்மியா கேட்டா சரக்கு மட்டம்னு நெனப்பான்டி, ஏத்திக் கேளு” என்றாள் பழைய அலுவலகத் தோழி. காலையில் ஏற்றினாள், மாலையில் இறக்கினாள். புகைப்படத்தில் சிரித்தாள், மறுநாள் சிரிக்காத படத்தை மாட்டினாள். தன்னைப் பற்றிய குறிப்பில் ‘உலகத்தரம்’, ‘பேரார்வம்’ எல்லாம் வந்து குடியேறின. அதை அப்பாவுக்கு உரக்கப் படித்துக் காட்டினாள்.

“யாரும்மா இந்தப் பொம்பள? கெட்டிக்காரியா இருப்பா போலிருக்கே.”

“அப்பா, அது நான்தான்ப்பா!”

“நீயா? சரி சரி, மேல படி.”

கடிதம் எல்லாருக்கும் ஒன்றுதான். நடுவில் இரண்டொரு சொல்லை மாற்றுவாள். ஒருமுறை மாற்ற மறந்து, நாய்க் காப்பகம் கட்டுகிறவருக்கு ‘உங்கள் கனவு இல்லத்தை நனவாக்குவேன்’ என்று போய்விட்டது. ‘நாய்களோடு கலந்து பேசிவிட்டுச் சொல்கிறேன்’ என்று பதில் வந்தது. அவளுக்கு வந்த முதல் பதிலே அதுதான்.

“கிண்டல் பண்றாரா சிஸ்டர், இல்ல யோசிக்கிறாரா?”

போன வாரம் இன்னோர் அறிவிப்பு வந்தது. சக்கர நாற்காலியில் இருக்கும் தன் தாய்க்காக யாரோ ஒரு பெண் குளியலறையை மாற்றிக் கட்டுகிறாள். அதற்கு வரைபடம் வேண்டுமாம். பாப்பா தன் கடிதத்தைத் திறக்கவில்லை. அறிவிப்போடு வந்திருந்த பழைய குளியலறையின் புகைப்படத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“கதவு உள்பக்கமா தொறக்குதே! அந்தம்மா உள்ள விழுந்துட்டா? தள்ளினா அவங்க மேலதானே இடிக்கும்?”

அப்பா அப்படித்தான் விழுந்தார். கதவிடுக்கில் ஒரு கையை மட்டும் நுழைத்து அவர் தோளைத் தடவியபடி பாப்பா நின்றது எனக்கு ஞாபகம் இருக்கிறது. அன்றிலிருந்து அந்த வீட்டுக் குளியலறைக் கதவைச் சாத்துவதில்லை. கீழே மடித்த துணியைச் செருகி வைத்திருக்கிறோம். மானம் போகிறதென்று அப்பா தினமும் முணுமுணுப்பார்.

‘கதவை வெளிப்பக்கம் திறக்கிற மாதிரி வைக்க இடம் இருக்கிறதா?’ என்று மட்டும் எழுதினாள். உடனே பதற்றம் பிடித்துக்கொண்டது.

“என்னப் பத்தி ஒண்ணுமே எழுதலியே சிஸ்டர். கேள்வி கேட்டா விவரம் தெரியாதவன்னு நெனச்சுக்குவாங்களோ? அனுபவம் இருக்குன்னு ஒரு வரி சேக்கட்டுமா?”

“எனக்குத் தெரியாதும்மா. அப்பாவைத் தூக்கணும், வா.”

போகிற போக்கில் அனுப்பிவிட்டாள்.

மறுநாள் பதில் இருந்தது. ‘வெளியே நடைவழி ரொம்பக் குறுகல். என்ன செய்யலாம்?’ அவ்வளவுதான். வேலை உனக்கு என்றும் இல்லை, உனக்கில்லை என்றும் இல்லை.

“இது ஆமாவா, இல்லையா?” என்று என்னைக் கேட்டாள். அண்ணனுக்குப் போன் போட்டாள். விலையைக் குறைக்கச் சொன்னான். தோழி, “ரெண்டு நாள் பதிலே போடாத, தவிக்கட்டும்” என்றாள்.

“அந்தம்மாவும் கதவைச் சாத்தாமத்தான் குளிக்கிறாங்களா?” என்றார் அப்பா.

பாப்பா லேப்டாப்பைத் திறந்தபடியே விட்டுவிட்டு எழுந்து போனாள். திரும்பி வந்தபோது கையில் திருப்புளி இருந்தது. குளியலறை வாசலில் மண்டியிட்டு, செருகியிருந்த துணியை உருவிப் போட்டுவிட்டு, கதவைத் தோளால் தாங்கிக்கொண்டு அதை வெளிப்பக்கமாகத் திருப்பி மாட்ட, கீழ்க் கீலின் முதல் திருகாணியைக் கழற்ற ஆரம்பித்தாள்.