சீட்டில் அம்மா எழுதியது

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உங்களில் பலருக்கு அம்மாவைப் பற்றி ஒரு கதை தெரியும். அப்பாவின் ஆபரேஷனுக்கு இரண்டு நாள் முன்னாலேயே, அது நல்லபடியாக முடிந்ததென்று சபையில் ஸ்தோத்திரக் காணிக்கை படைத்தார்கள், அந்த விசுவாசத்தின்படியே ஆண்டவர் நடத்தினார் என்ற கதை. பெண்கள் ஐக்கியக் கூட்டங்களில் அதைக் கேட்டிருப்பீர்கள். போன வருஷம் அடக்க ஆராதனையிலும் இரண்டு பேர் அதைச் சொன்னார்கள். அந்தக் கதை சரியல்ல. அம்மா எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிற இந்த நாளில், அப்பாவின் அனுமதியோடு, மூத்த மகளாகிய நான் அதைத் திருத்தி எழுதுகிறேன். என் முன்கோபம் உங்களுக்குத் தெரிந்ததுதான். கொஞ்சம் பொறுத்துக்கொண்டு கடைசிவரை வாசியுங்கள்.

அம்மா பிறந்தது கூடுவாஞ்சேரியில். தாத்தாவுக்கு ரயில்வே கேட்டில் வேலை. வண்டி வருகிற நேரத்தை வைத்தே அந்த வீட்டில் அடுப்புப் பற்றவைப்பார்களாம். அதனாலோ என்னவோ, அம்மாவுக்கு எல்லாம் நேரத்துக்கு நடக்க வேண்டும். ஆறு பிள்ளைகளில் படித்தது அம்மா மட்டும்தான். ஆசிரியப் பயிற்சி முடித்து, தாம்பரத்தில் ஒரு மிஷன் பள்ளியில் மூன்றாம் வகுப்பு டீச்சராகச் சேர்ந்தார்கள். ஒரு கம்பெனியில் குமாஸ்தாவாக இருந்த அப்பாவுக்கு வாழ்க்கைப்பட்டு, கிழக்குத் தாம்பரத்தில் வாடகை வீட்டில் குடித்தனம். முதலில் நான், பிறகு தம்பி, பிறகு தங்கை.

எங்கள் வீட்டுக் குடும்ப ஜெபம் தாம்பரத்திலேயே சின்ன ஜெபமாக இருந்திருக்கும். வண்டலூரிலிருந்து பெரிய அத்தை, அதாவது அப்பாவின் அக்கா, வந்து ஜெபித்தால் சோறு ஆறிப்போகும். அம்மா நாலு வரியில் முடித்துவிடுவார்கள்.

“என்னம்மா, அதுக்குள்ள ஆமெனா?” என்று கேட்டால், “அவருக்குத் தெரியாததையா நான் சொல்லப்போறேன்? போய்த் தட்டு எடுத்துட்டு வா” என்பார்கள்.

அறுபதுகளின் நடுவில், எனக்குப் பன்னிரண்டு வயதாக இருந்தபோது, அப்பாவின் கைக்குட்டையில் ரத்தம் வந்தது. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து டி.பி. என்றார்கள். அந்தக் காலத்தில் அந்த இரண்டு எழுத்தைச் சொன்னாலே எதிரில் நிற்பவர் ஓரடி பின்னால் நகர்வார். வீட்டுச் சொந்தக்காரர் கெட்டவர் அல்ல. “டீச்சரம்மா, தப்பா எடுத்துக்காதீங்க. மாடியில கொழந்தைங்க இருக்குதுங்க” என்று தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்த அதே வாரம், அம்மா ஒரு மாட்டு வண்டி பிடித்துத் தனியாளாகச் சாமான்களை ஏற்றி, சிட்லபாக்கம் ஏரிப்பக்கம் ஒரு வீட்டுக்கு எங்களைக் கொண்டுபோனார்கள். அக்கம்பக்கத்தில் வீடே கிடையாது. அம்மா பயந்தார்களா என்று எனக்குத் தெரியாது. நான் பயந்தேன்.

விடியுமுன் சமையல், பிறகு பள்ளி, சாயங்காலம் கேரியரை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு நடை. இரண்டு வருஷம் இப்படியே ஓடியது. ஊசியும் மாத்திரையும் போட்டும் இடது பக்க நுரையீரல் ஆறவில்லை. பெரிய டாக்டர் அம்மாவைக் கூப்பிட்டு, கெட்டுப்போன பகுதியை வெட்டி எடுக்க வேண்டும் என்றார். விட்டால் மற்றதற்கும் பரவும். ஆனால் அப்பாவின் உடம்பு ஆபரேஷனைத் தாங்குமா என்று உறுதி சொல்ல முடியாது என்றும் சொன்னார். செவ்வாய்க்கிழமை என்று நாள் குறித்தார்கள். அம்மா கையெழுத்துப் போட்டார்கள். கரும்பலகையில் முத்து முத்தாக எழுதுகிறவர்கள், அந்தத் தாளில் கோணலாக எழுதியிருந்தார்கள்.

அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமைதான் அந்தக் கதை நடந்தது. எங்கள் சபை வழக்கத்தை வெளியூர் உறவினர்களுக்காகச் சொல்கிறேன். பிள்ளை பிறந்தால், பரீட்சையில் தேறினால், நோய் குணமானால், நன்றியாக ஒரு கவரில் ஸ்தோத்திரக் காணிக்கை வைத்து, எதற்காக என்று ஒரு சீட்டில் எழுதி, ஆராதனைக்கு முன் சபைச் செயலரிடம் கொடுப்போம். அவர் அதை எல்லார் முன்னும் வாசிப்பார். அன்று அம்மாவும் ஒரு கவர் கொடுத்தார்கள். நான் பார்த்தேன். கேட்கவில்லை.

செயலர் ஐயா வாசித்தார். “நம் சிட்லபாக்கம் டீச்சரம்மா, தன் கணவருக்கு நடந்த ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, ஆண்டவர் பூரண சுகம் தந்ததற்காகச் செலுத்தும் ஸ்தோத்திரக் காணிக்கை.”

சபையார் “அல்லேலூயா” என்றார்கள். அம்மாவைப் பார்த்தேன். முகத்தில் ரத்தமே இல்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரிய அத்தை, அம்மாவை விட்டுவிட்டு என் தொடையைக் கிள்ளினார்கள். ஆராதனை முடிந்ததும் பெண்கள் அம்மாவைச் சூழ்ந்துகொண்டு கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். “ஜெபம் பண்ணிக்கோங்க, ஜெபம் பண்ணிக்கோங்க” என்று மட்டும் சொல்லிவிட்டு, அம்மா செயலர் ஐயாவைப் பார்க்க உள்ளே போனார்கள். வெளியே வந்ததும் எங்களைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பினார்கள்.

வீட்டுக்கு வந்ததும் அத்தை பிடித்துக்கொண்டார்கள். “ஏன்டி, கோயில்ல பொய் சொல்லலாமா? ஆண்டவரையே சோதிச்சுப் பாக்குறியா? என் தம்பி உசுரு உனக்கு விளையாட்டாப் போச்சா?”

“அண்ணி, அவருக்குக் கஞ்சி கொண்டுபோக நேரமாச்சு.”

அவ்வளவுதான் பதில். அத்தை அழுதார்கள். நான் அழவில்லை, அம்மாவோடு பேசுவதை நிறுத்தினேன். அப்பா செத்துப்போனால் அதற்கு அம்மாதான் காரணம் என்று முடிவு கட்டிவிட்டேன். அப்போது எனக்குப் பதினாலு வயது. இப்போது எழுதுவதற்கே வெட்கமாக இருக்கிறது.

திங்கள் காலை பால்காரி கன்னியம்மா வந்தது. “இன்னா டீச்சரம்மா, சாருக்கு ஆப்ரேசன் நல்லா ஆயிடுச்சாமே? என்கிட்ட சொல்லவேயில்ல பாத்தியா. கோயிலுக்குப் போற டெய்லரம்மா சொல்லுச்சு.”

“இன்னும் ஆகலம்மா. நாளைக்குத்தான்.”

“அய்ய! அப்புறம் இன்னாத்துக்கு முன்னாடியே சொல்லிக்கினு கீறாங்க?”

அம்மா பால் சொம்பைப் பிடித்தபடி நின்றார்கள். பதில் வருமென்று நானும் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். அம்மா சொம்பை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டார்கள்.

செவ்வாய்க்கிழமை காலை ஏழரைக்கு அப்பாவைத் தள்ளுவண்டியில் கொண்டுபோனார்கள். அப்பா அம்மாவைப் பார்த்து, “பசங்க நோட்டெல்லாம் திருத்திட்டியா?” என்றார்கள். இல்லையென்று அம்மா தலையாட்டினார்கள். “நான் வெளிய வர்றதுக்குள்ள முடிச்சுடு.” கதவு மூடியது. அம்மா பெஞ்சில் உட்கார்ந்து, பையிலிருந்து கணக்கு நோட்டுக் கட்டை எடுத்து, சிவப்பு மையால் திருத்த ஆரம்பித்தார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி முடியாது. இரண்டு நாள் மௌனத்தை விட்டு, “ஜெபம் பண்ணும்மா!” என்று கத்தினேன்.

“பண்ணியாச்சு.”

பத்து மணி வாக்கில் நர்ஸ் ஓடிவந்தார். ரத்தம் நிறையப் போய்க்கொண்டிருக்கிறது, எடுத்து வைத்தது போதவில்லை, யார் கொடுக்கிறீர்கள் என்றார். அம்மா கையை நீட்டினார்கள். சோதித்துப் பார்த்ததில் சேரவில்லை. கூட வந்திருந்த அத்தைக்கு வயதாகிவிட்டது, நான் சின்னப் பெண். அந்த நீளமான வராந்தாவில் எங்களைத் தவிர ஒருவரும் இல்லை. அத்தை சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டு, “சொன்னேனே, சொன்னேனே” என்று முணுமுணுத்தார்கள். அம்மா நோட்டைக் கீழே வைக்கவில்லை. பேனா மட்டும் நின்றுவிட்டது.

அப்போதுதான் வராந்தாக் கோடியில் இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் சபையில் பாடகர் குழுவில் பாடும் அருள்தாஸ் அண்ணன். இன்னொருவர் அவரைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு வந்த சைக்கிள் கடை முனுசாமி அண்ணன். கையில் ஒரு பை சாத்துக்குடி. ஞாயிற்றுக்கிழமை அறிவிப்பைக் கேட்டு, குணமான மனுஷரைப் பார்த்துவிட்டுப் போகலாமென்று வந்தவர்கள். விஷயத்தைச் சொன்னதும் முனுசாமி அண்ணன் பையைப் பெஞ்சில் வைத்துவிட்டுச் சட்டைக் கையைச் சுருட்டினார்.

“எங்க வரணும் நர்ஸம்மா? நம்ம ரத்தம் ஸ்ட்ராங்கு. எவ்ளோ வேணுமோ எடுத்துக்கோங்க.”

அவர் ரத்தம் சேர்ந்தது. அருள்தாஸ் அண்ணன் அந்தச் சைக்கிளை எடுத்துக்கொண்டு தாம்பரம் முழுக்கச் சுற்றி, பன்னிரண்டு மணிக்குள் இன்னும் நாலு பேரைக் கூட்டிவந்தார். ஒன்றரை மணிக்கு டாக்டர் வெளியே வந்து, “பொழைச்சுக்கிட்டார்” என்றார். அம்மா எழுந்தார்கள், உடனே உட்கார்ந்தார்கள். பிறகு வாய்விட்டு அழுதார்கள். அவர்கள் அழுது அன்றுதான் பார்த்தேன். மறுநாள் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். அந்தக் கட்டில் இருந்த அத்தனை நோட்டுக்கும், தப்பான கணக்கு உட்பட, எல்லாம் சரி என்று போட்டிருந்தார்கள்.

அதன் பிறகு அந்தக் கதை தானாக வளர்ந்தது. வளர்த்தது யார் என்கிறீர்கள்? அம்மாவைத் திட்டிய அதே பெரிய அத்தைதான். “என் தம்பி பொண்டாட்டி விசுவாசம் யாருக்கு வரும்!” என்று வண்டலூர் முதல் பல்லாவரம் வரை சொல்லிவிட்டார்கள். பெண்கள் எங்கள் வீட்டுக்கு ஜெபக் குறிப்புகளோடு வந்தார்கள். அம்மா எல்லாருக்காகவும் நாலு வரி ஜெபித்து அனுப்புவார்கள். சாட்சி சொல்லக் கூப்பிட்டால் மட்டும், “நோட்டு திருத்தணும்” என்று நழுவிவிடுவார்கள். தாழ்மை என்றார்கள் எல்லாரும். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அப்பா வேலைக்குத் திரும்பினார்கள். எங்கள் படிப்பு, என் பாங்க் வேலை, தங்கையின் கல்யாணம் என்று எழுபதுகள் போயின. ஏரிப்பக்கமும் வீடுகள் வந்தன. அப்போதுதான் அம்மாவுக்கு வயிற்றில் கட்டி. திறந்து பார்த்துவிட்டு அப்படியே மூடிவிட்டார்கள். இரண்டு மாதம் என்றார்கள்.

ஒரு மதியம் எனக்குப் பொறுக்கவில்லை. அப்பா ஜன்னலோரம் சாத்துக்குடி பிழிந்துகொண்டிருந்தார்கள். “அன்னைக்கு அப்பாவுக்காக முன்னாடியே காணிக்கை போட்டியே, இப்போ உனக்குப் போட மாட்டியா? அந்த விசுவாசம் எங்கம்மா போச்சு?” என்று கேட்டேன். அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தால் வலிக்கும், இருந்தும் சிரித்தார்கள்.

“நான் என்ன எழுதினேன்னு உனக்குத் தெரியுமா? ‘என் கணவரை எனக்குத் தந்ததற்காக.’ அவ்வளவுதான்டி எழுதினேன். ஆபரேஷன் முடிஞ்சதுன்னெல்லாம் செயலர் சேர்த்தது. முடியாம யாரும் ஸ்தோத்திரக் காணிக்கை போட மாட்டாங்களேன்னு அவரா சேர்த்துட்டார்.”

“அப்போ எதுக்கும்மா போட்டே?”

“அவர் திரும்பி வருவார்னு நான் நினைக்கவேயில்ல. போயிடுவார்னுதான் நினைச்சேன். போனப்புறம் நன்றி சொல்ல எனக்கு வாய் வராது. ஆண்டவரோட சண்டைதான் போடுவேன்னு தெரியும். பதினஞ்சு வருஷம் இவரைத் தந்தாரே, அதுக்கு வாய் வர்றப்பவே சொல்லிடணும்னு எழுதிக் கொடுத்தேன்.”

“அதை அன்னைக்கே எல்லார்கிட்டயும் சொல்லியிருக்கலாமே?”

“செயலர் அழாத குறை. அடுத்த வாரம் திருத்தி வாசிக்கிறேன்னார். அடுத்த வாரம் நாம எப்படி இருப்போமோ, விடுங்கன்னுட்டேன். அப்புறம் முனுசாமி சாத்துக்குடியோட வந்து நின்னதும், அந்தத் தப்பை வச்சு ஆண்டவர் என்ன பண்றார்னே எனக்குப் புரியல. அதுல கை வைக்கப் பயமா இருந்துச்சு.”

ஜன்னலோரம் பிழிகிற சத்தம் நின்றிருந்தது. அப்பா திரும்பிப் பார்க்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை, கோயிலுக்குக் கிளம்பிய என்னிடம் அப்பா ஒரு கவரைக் கொடுத்தார்கள். செயலர் ஐயா அதே செயலர் ஐயாதான், தலை மட்டும் நரைத்துவிட்டது. சீட்டை எடுத்துப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“இப்படியே வாசிக்கட்டுமாம்மா?”

“இப்படியே வாசிங்க.”

“என் மனைவியை எனக்குத் தந்ததற்காக” என்று வாசித்தார். மேலே ஒன்றும் இல்லையா என்பதுபோல் சபையார் காத்திருந்தார்கள். அவர் சீட்டை மடித்து வைத்துவிட்டார். வீட்டுக்கு வந்து அம்மாவின் காதோரம் சொன்னேன்.

“வேற ஏதாவது சேர்த்தாரா?”

“இல்லம்மா.”

“நல்லது” என்றார்கள். வியாழக்கிழமை காலை, பள்ளி மணி அடிக்கிற நேரத்துக்கு அம்மா போய்விட்டார்கள்.

அம்மாவின் கடைசி நாட்களில் எங்களோடு நின்ற போதகர் ஐயாவுக்கும், சபையாருக்கும், மருத்துவர்களுக்கும் நர்ஸ்களுக்கும், தினமும் பாலோடு ஒரு வார்த்தையும் தந்துவிட்டுப் போன கன்னியம்மாவுக்கும் எங்கள் நன்றி. தன் ரத்தத்தைக் கொடுத்த முனுசாமி அண்ணனே அம்மாவின் பெட்டிக்கும் தோள் கொடுத்தார். அவருக்கும் அருள்தாஸ் அண்ணனுக்கும் நாங்கள் எப்படி நன்றி சொல்வது!

அம்மா தன்னைப் பற்றிப் பயந்தது எனக்கு நடந்துவிட்டது. இந்த ஒரு வருஷமாக எனக்கு ஜெபிக்க வாய் வரவில்லை. சண்டைதான் போட்டேன். இந்த மலருக்காக அப்பாவிடம் இரண்டு வரி கேட்டபோது, “என்னோடதை அன்னைக்கே எழுதிக் கொடுத்துட்டேனேம்மா. நீதான் இன்னும் கொடுக்கல” என்றார்கள். ஆகவே கொடுக்கிறேன்.

அம்மாவை எங்களுக்குத் தந்ததற்காக.

செயலர் ஐயா, இதையும் இப்படியே வாசியுங்கள்.