கவ்வாத்து மாதிரிதான் என்றேன்

நான் தேயிலைத் தோட்டத்தில் செடிகளை அடிக்கட்டை மட்டும் விட்டு வெட்டிவிடும் கவ்வாத்து வேலை செய்பவன். பதின்மூன்று வயது மகள் யாழினிக்குத் தலசீமியா. மாதாமாதம் ரத்தம் ஏற்ற வேண்டும். ஒருமுறை டாக்டர், மரபணுவைத் திருத்தும் புதிய சிகிச்சை ஆராய்ச்சியில் அவளைச் சேர்க்கலாமா என்று யோசிக்கச் சொன்னார்.

வீட்டில் அவள் விவரம் கேட்டாள். எனக்கே பாதிதான் புரிந்திருந்தது. அதை ஒப்புக்கொள்ள வெட்கப்பட்டு, "கவ்வாத்து மாதிரிதான்லா. பழச வெட்டிட்டா புதுசா துளிர்க்கும்" என்றேன்.

அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் புறப்படும் காலையில் அவளைக் காணவில்லை. ரத்தம் குறைந்த பிள்ளை, நாலு எட்டு வைத்தாலே மூச்சு வாங்கும். வெளியே பனிமூட்டம்; கீழே காய்கறி லோரிகள் ஓடும் ரோடு. நானும் மனைவியும் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டே ஓடினோம்.

மூன்று மாதம் முன்பு நான் வெட்டிய சரிவில், உதடு வெளுத்து உட்கார்ந்திருந்தாள். சுற்றிலும் செடிகள் துளிர்த்திருந்தன. அவள் பக்கத்தில் இருந்தது மட்டும் காய்ந்த குச்சி.

"இது துளிர்க்கவே இல்லப்பா. நானும் இப்படி ஆயிட்டா?"

பட்டுப்போன செடிகளைப் பிடுங்கி எறிபவனும் நான்தான். அவளைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

ரத்தம் ஏறியதும் டாக்டரிடம் அவளே கேட்டாள். ஆபத்து உண்டு, பலிக்காமலும் போகலாம் என்று அவர் மறைக்காமல் சொன்னார்.

இப்போதெல்லாம் தெரியாததைத் தெரியாது என்றே சொல்கிறேன். அவள் கேள்விகளை நோட்டில் எழுதி டாக்டரிடம் எடுத்துப் போகிறோம். சம்மதப் படிவம் அலமாரியில் இருக்கிறது. அவள் கேட்டு முடிக்கும்வரை அதில் என் கையெழுத்து விழாது.