அக்காவின் செய்முறைத் தேர்வு

வகுப்பில் எல்லோரும் அவளை அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். கூடப் படித்தவர்கள் அத்தனை பேரும் அவள் மகளைவிட இரண்டு மூன்று வயது மூத்த பிள்ளைகள், வேறு எப்படிக் கூப்பிடுவார்கள்? முதல் நாள் அவள் வகுப்புக்குள் நுழைந்தபோது பாடம் நடத்தத்தான் யாரோ வந்திருக்கிறார்கள் என்று எழுந்து நின்றுவிட்டார்கள். அவள் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்ததும் சிரிப்பு அடங்க வெகு நேரமாயிற்று. அவளும் சேர்ந்துதான் சிரித்தாள்.

குடும்பம், இளையோர், சமூக அறிவியல் என்பது படிப்பின் பெயர். அவள் தெருவில் யாருக்கும் அது வாயில் நுழையவில்லை. கீழ்வீட்டுத் தையல்காரி, "குடும்பம் நடத்தப் பட்டம் வேற வாங்கணுமா? அப்ப நாங்க எல்லாம் கள்ளக்குடும்பமா நடத்திட்டிருக்கோம்?" என்று கேட்டு ஊரைக் கூட்டினாள். அந்தப் பட்டம் எதற்கு என்று அக்காவுக்குத் தெரியும். குழந்தைகள் காப்பகத்தில் எத்தனையோ வருடமாக ஊர்ப் பிள்ளைகளின் மூக்கைத் துடைத்து, கால் கழுவி, தூங்க வைத்தவள் அவள். மேற்பார்வையாளர் இடம் காலியானபோது, பட்டம் பெற்றவர்தான் வேண்டும் என்று சொல்லி, நேற்று முளைத்த ஒரு பெண்ணைக் கொண்டுவந்து உட்கார வைத்தார்கள். அழுகிற குழந்தையை எந்தப் பக்கம் தூக்குவது என்று அந்தப் பெண்ணுக்குக் கற்றுக்கொடுக்கும் வேலையும் அக்கா தலையில் விழுந்தது. புருஷனோ எப்போதோ வேறு ஊரில் வேறு குடும்பம் அமைத்துக்கொண்டு நிம்மதியாக இருந்தான். பல்லைக் கடித்துக்கொண்டு அக்கா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தாள்.

சேர்ந்தவள் சும்மா இருந்தாளா? விழுந்து விழுந்து படித்தாள். காலையில் காப்பகம், மதியத்துக்கு மேல் வகுப்பு, வீட்டுக்கு வந்தால் அடுப்படி மேடையில் புத்தகம். அதிலும் இளையோர் ஆலோசனை என்ற பாடம் அவளுக்குக் கைவந்த கலையாகிவிட்டது. அந்தப் பாடத்துக்குச் சில கட்டளைகள் உண்டு. பேச வந்த பிள்ளைக்கு அறிவுரை சொல்லக் கூடாது. திட்டக் கூடாது. தன் சொந்தக் கதையை எடுத்துவிடக் கூடாது. அவர்கள் சொன்னதை வேறு வார்த்தையில் திருப்பிச் சொல்லி, அவர்களையே யோசிக்க விட வேண்டும். கேள்வி கேட்டால் அந்தக் கேள்வியை அவர்களிடமே பக்குவமாகத் திருப்பித் தர வேண்டும். மற்ற பிள்ளைகள் ஆர்வக்கோளாறில், "ஐயய்யோ, அப்படியெல்லாம் செய்யாதே" என்று உளறிக் கொட்டுவார்கள், விரிவுரையாளர் மேசையைத் தட்டுவார். அக்காவுக்கு மட்டும் ஒரு தடவைகூடத் தட்டியதில்லை. "அக்காவைப் பாருங்க, எப்படி நிதானமா இருக்காங்க!" என்பார். அக்காவுக்கு உச்சி குளிர்ந்துவிடும்.

குளிர்ந்த உச்சியோடு வீட்டுக்கு வந்து அவள் செய்த காரியத்தைத்தான் என்னவென்று சொல்வது! வகுப்பில் படித்ததையெல்லாம் வீட்டிலும் ஆரம்பித்துவிட்டாள்.

"அம்மா, பசிக்குது" என்பாள் மகள்.

"உனக்குப் பசிக்குதுன்னு சொல்ற."

"ஆமா, அதான் சொல்றேன். சோறு போடு முதல்ல!"

ஆரம்பத்தில் மகள் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். பள்ளிக்கூடத்தில் நடித்துக் காட்டித் தோழிகளையும் சிரிக்க வைத்தாள். பிறகு சிரிப்பு நின்றுபோனது. உயிர்த் தோழியோடு சண்டை போட்டுக்கொண்டு முகம் வீங்க வந்து நின்ற ஒருநாள், "நீ ரொம்ப வருத்தமா இருக்கேன்னு தெரியுது" என்று அம்மா கைகளை மடியில் கோத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள். முன்னெல்லாம் இந்த மாதிரி நேரத்தில் அம்மா இழுத்து மடியில் போட்டுக்கொண்டு, அந்தத் தோழியின் ஏழு தலைமுறையையும் சேர்த்துத் திட்டுவாள். மகள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். வளர்கிற பிள்ளைக்குத் தனிமை வேண்டும் என்று புத்தகத்தில் இருந்ததால் அக்கா கதவைத் தட்டவில்லை.

அப்படித்தான் அந்த வீட்டில் பேச்சு குறைந்தது. மகள் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. தேர்வு நெருங்க நெருங்க அக்காவுக்கும் நேரமில்லை. அந்தச் சமயம் பார்த்து அக்காவின் கூடப்பிறந்த மூத்தவள், மகளுக்குப் பெரியம்மா, வந்து சேர்ந்தாள். எட்டு வீட்டுக்குக் கேட்கிற குரல் அவளுக்கு. கடைசி இரண்டு வருடப் பள்ளிப் படிப்பை மகள் தன் ஊரில் தன் வீட்டில் இருந்து படிக்கட்டும் என்றாள்.

"நீயும் வேலை, படிப்புன்னு அல்லாடுற. இவ இங்க தனியா கிடந்து சுவத்தைப் பார்த்துட்டிருக்கா. என் வீட்டுல நாலு பேரோட நாலு பேரா இருக்கட்டுமே. சனிக்கிழமை வரேன், இவ வர்றதுன்னா பையைக் கட்டி வை."

இந்த ஒரு பெண்ணை வைத்துக்கொண்டுதான் அக்கா உயிரோடு இருந்தாள். இவளுக்காகத்தான் படிப்பே, இவளை நல்லபடி கரையேற்றத்தான் அந்தப் பாழாய்ப்போன மேற்பார்வையாளர் நாற்காலி. பெரியம்மா போன பிறகு மகள் வந்து கேட்டாள்.

"என்னம்மா சொல்ற? போகட்டுமா?"

போகாதேடி என் தங்கமே என்று தொண்டை வரை வந்தது. வந்ததை விழுங்கினாள், படித்தவள் இல்லையா! இளையோர் தங்கள் வாழ்க்கை முடிவைத் தாங்களே எடுக்க இடம் கொடுக்க வேண்டும். பெற்றவர்கள் தங்கள் பயத்தை அவர்கள் மேல் ஏற்றக் கூடாது.

"முடிவு உன் கையிலதான் இருக்கு, கண்ணு. நீ எது செஞ்சாலும் எனக்குச் சம்மதம்."

மகள் சரி என்றாள். அக்கா அன்று முழுக்கத் தன்னை நினைத்துப் பெருமைப்பட்டாள். எவ்வளவு பெரிய விஷயத்தை எவ்வளவு பக்குவமாகக் கையாண்டுவிட்டோம் என்று! இப்போது நினைத்தால் செவிட்டில் அறைந்துகொள்ளத் தோன்றுகிறது அவளுக்கு.

இளையோர் ஆலோசனைப் பாடத்தின் செய்முறைத் தேர்வு வெள்ளிக்கிழமை. மகளுக்குப் பள்ளி விடுமுறை. "நானும் உன்கூட வரட்டுமா?" என்று அவளாகவே கேட்டதும் அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. தேர்வு முடிந்ததும் இரண்டு பேரும் வெளியே சாப்பிடலாம், அப்போது மனம்விட்டுப் பேசிவிடலாம் என்று கணக்குப் போட்டாள். பேருந்தில் மகள் தோளில் சாய்ந்துகொண்டுகூட வந்தாள்.

தேர்வு அறையில் இரண்டு நாற்காலிகள், நடுவே ஒரு குட்டை மேசை. ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி. உள்ளே இருப்பவர்களுக்கு அது வெறும் முகம் பார்க்கும் கண்ணாடி, அந்தப் பக்கம் இருட்டறையில் இருப்பவர்களுக்கு ஜன்னல். விரிவுரையாளரும் வெளியிலிருந்து வந்த தேர்வாளர் அம்மாளும் அங்கே உட்கார்ந்து கவனிப்பார்கள். உதவி கேட்டு வரும் இளம்பெண்ணாக நடிக்க ஒரு மாணவியை ஏற்பாடு செய்திருந்தார்கள். அவளுக்குக் காய்ச்சல் என்று கடைசி நேரத்தில் தகவல் வந்தது. தேர்வாளர் அம்மாளுக்கோ ரயிலுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. விரிவுரையாளர் கையைப் பிசைந்துகொண்டு நடைவழிக்கு வந்தார், பின்னாலேயே அக்காவும் வந்தாள். பெஞ்சில் ஒரு பெண் தனியாக உட்கார்ந்திருப்பதை அவர் பார்த்தார்.

"தங்கச்சி, ஒரு சின்ன உதவி. உள்ள போய் இந்த அக்காகிட்ட ஏதாவது பிரச்சினை சொல்ற மாதிரி நடிக்கணும். உன் மனசுல தோணுறது எதுவானாலும் சரி. முடியுமா?"

மகள் அம்மாவைப் பார்த்தாள். அக்காவும் அவளைப் பார்த்தாள். சார், இது என் பொண்ணு என்று சொன்னால் போதும், கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் சொந்தக்காரர்களை வைத்துத் தேர்வு நடத்த மாட்டார்கள். இன்று தவறினால் அடுத்த வருடம்தான். அக்கா வாயைத் திறக்கவில்லை.

"முடியும்" என்றாள் மகள்.

உள்ளே போய் உட்கார்ந்தார்கள். அக்கா கைகளை மடியில் கோத்துக்கொண்டாள். எதைப் பற்றிப் பேச விருப்பம் என்று முறைப்படி கேட்டாள்.

"எங்கம்மாவைப் பத்தி" என்றாள் மகள். "எங்கம்மா முன்னாடி என்னைத் திட்டுவாங்க. அடிக்கக்கூடச் செஞ்சிருக்காங்க. இப்ப திட்டுறதே இல்ல."

கண்ணாடிப் பக்கம் பார்க்கக் கூடாது என்று அக்கா தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

"திட்டாம இருக்கிறது உனக்கு என்னவோ மாதிரி இருக்கு."

"ஆமா. பெரியம்மா வீட்டுக்குப் போகட்டுமான்னு கேட்டேன். போகாதேன்னு கத்துவாங்கன்னு நெனச்சேன். நான் போறதா இல்லவே இல்ல, அவங்க கத்துறதைக் கேக்கணும்னுதான் கேட்டேன். முடிவு உன் கையிலன்னு சொல்லிட்டாங்க."

"அது உன்னை ரொம்பப் பாதிச்சிருக்கு" என்றாள் அக்கா. குரல் துளிகூட நடுங்கவில்லை. அத்தனை பயிற்சி.

"நான் இருந்தா என்ன, போனா என்னன்னு இருக்காங்களோன்னு தோணுது." மகள் கண்ணில் நீர் முட்டி நின்றது. மேசை மேல் குனிந்து அம்மா முகத்துக்கு நேராகக் கேட்டாள். "நீங்களே சொல்லுங்க. நீங்க எங்கம்மாவா இருந்தா என்ன சொல்லுவீங்க?"

அடிப்பாவி, எழுந்து கட்டிக்கொள்ள வேண்டிய இடமல்லவா அது! அக்காவுக்கும் அது தெரிந்தது. கால்கள் எழுந்திருக்கத் தயாராகக்கூட இருந்தன. ஆனால் கேள்வியை இப்படி நேராகக் கேட்டு மாட்டிவிடப் பார்ப்பார்கள் என்று விரிவுரையாளர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். மதிப்பெண் முழுக்க அந்த இடத்தில்தான்.

"நான் என்ன சொல்வேங்கிறதை விடு. உனக்கு என்ன தோணுது?"

மகள் நாற்காலியில் பின்னால் சாய்ந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"எனக்குத் தெரிஞ்சுபோச்சு" என்றாள். "தேங்க்ஸ் மேடம்."

தேர்வாளர் அம்மாள் அக்காவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். இத்தனை வருடத்தில் இப்படி ஒருத்தரைப் பார்த்ததில்லை என்றார். "அந்தப் பொண்ணும் என்னமா நடிக்குது! யார் வீட்டுப் பொண்ணு?" என்று வேறு கேட்டார். அக்கா தெரியாது என்று தலையாட்டினாள்.

வெளியே வந்தால் பெஞ்சு காலி. அக்கா வீட்டுக்கு ஓடினாள். மகள் கட்டிலில் துணிகளை விரித்துப் போட்டு மடித்துக்கொண்டிருந்தாள். நாளை வரவேண்டிய பெரியம்மாவை இன்றைக்கே வரச் சொல்லியிருந்தாள்.

அப்புறம் அக்கா கத்தினாள் பாருங்கள், அப்படிக் கத்தினாள்! பையைப் பிடுங்கி வீசினாள். "எங்கடி போவ? என்னை விட்டுட்டு எங்கடி போவ? காலை ஒடச்சுப் போட்டுருவேன்! நீ இல்லாம நான் எதுக்குடி இந்த வீட்டுல?" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். இத்தனை மாதமாக மகள் கேட்க ஏங்கிய வார்த்தைகள் அத்தனையும் வந்து விழுந்தன. கீழ்வீட்டுத் தையல் மெஷின் சத்தம்கூட நின்றுவிட்டது.

மகள் அசையாமல் நின்று கேட்டாள். அம்மா மூச்சு வாங்க நிறுத்தியதும், நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவள் போல மெதுவாகக் கேட்டாள்.

"இது எந்தப் பாடத்துல வருதும்மா?"

அக்கா எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். சத்தியம் செய்தாள். மகள் சண்டை போடவில்லை, நம்பவுமில்லை. விழுந்த பையை எடுத்துத் தூசியைத் தட்டி, மீதித் துணியை அடுக்கினாள்.