பேப்பரில் வந்த எடை

வலது கை வெந்நீர்த் துணியைப் பலகைமேல் ஒற்றி ஒற்றி எடுத்தது. இடது கை பலகையைக் கொஞ்சம் கொஞ்சமாக வளைத்தது. நகம் பட்டாலே தடம் விழும் மெல்லிய சீடர் மரப் பலகை. அவசரப்பட்டால் பிளந்துவிடும்.

ஆம்ப்ரோஸ் டில்லி முப்பத்துநாலு வருஷமாகப் பரமட்டா ஆற்றங்கரையில் பந்தயப் படகு கட்டுகிறார். உடைந்த படகுகளைப் பிரித்துப் பார்த்தே கற்றுக்கொண்டவர். குனிந்து குனிந்து முதுகு இப்போது நிமிர மறுக்கிறது. இந்தப் படகைப் போன வாரமே முடித்தாயிற்று. முடித்த வேலையில் மறுபடி கை வைப்பதுதான் அவருக்குப் பெரிய அலுப்பு.

ஒற்றை ஆள் படகை ஓட்டுகிறவனின் எடைக்குத்தான் கட்ட வேண்டும். இந்தப் படகைக் கட்டச் சொன்ன துடுப்புக்காரன் பெர்சி கோரிக் தொலைவில், கிராப்டனில், பயிற்சியில் இருந்தான். பந்தயப் பணம் கட்டுகிறவர்களை ஏமாற்ற, துடுப்புக்காரர்கள் பேப்பருக்கு எடையைப் பொய்யாகச் சொல்வார்கள். டில்லிக்குத் தெரியாததல்ல. கடிதம் போட்டுக் கேட்க அலுத்துக்கொண்டு பேப்பரில் வந்த எடைக்கே கட்டிவிட்டார். பெர்சி வந்து உட்கார்ந்தான். முதல் அலையிலேயே தண்ணீர் உள்ளே வந்தது.

"உண்மையில எவ்வளவுடா இருக்கே?"

"பேப்பர்லதான் போட்டிருந்தாங்களே..."

"பேப்பர்காரனா வந்து துடுப்புப் போடப்போறான்? ஏறு தராசுல."

பக்கத்து நிலக்கரிக் கடைத் தராசில், பேப்பரில் வந்ததைவிடப் பதினாலு பவுண்டு கூட.

"காலையில ரெண்டு துண்டு ஆட்டுக்கறி தின்னேன் பெரியவரே, அதான்."

"ரெண்டு துண்டா? கொம்போட முழு ஆட்டையும்ல தின்னிருக்கே!"

பெர்சியின் சிரிப்பு நிற்கவில்லை. "சனிக்கிழமை பந்தயத்துல முழுகிட்டா என்ன பெரியவரே பண்றது?"

"உனக்கென்ன, நீந்தி வந்துருவே. டில்லி கட்டுன படகு முழுகிருச்சும்பாங்க. அப்புறம் எவன்டா இந்தக் கொட்டகைக்கு வருவான்?"

மூன்று நாள். உட்காரும் இடத்தைச் சுற்றி விளிம்பை ஓர் அங்குலம் உயர்த்தினார். துடுப்பைத் தாங்கும் இரும்புக் கைகளையும் அதே அளவு தூக்கி வைத்தார். பழைய பலகைக்கும் புதியதற்கும் நடுவே விரலை ஓட்டினார். விரலில் தட்டிய இடத்தைத் திரும்ப இழைத்தார்.

வெள்ளிக்கிழமை காலை படகை ஆற்றில் இறக்கினார்கள். டில்லி முழங்கால் தண்ணீரில் நின்று விளிம்பைப் பிடித்துக்கொள்ள, பெர்சி ஏறி உட்கார்ந்தான். பயணிகள் நீராவிப் படகு ஒன்று கடந்து போனது. அதன் அலை ஏறி வந்து, புதுப் பலகையில் பாதியில் நின்று, இறங்கியது. பெர்சி உள்ளே அடிப்பலகையை உள்ளங்கையால் துடைத்து, கையை விரித்துக் காட்டினான். ஈரமில்லை.

"எடுத்துட்டுப் போ" என்று டில்லி விளிம்பிலிருந்து கையை எடுத்தார்.